கூடு கட்டும் மாதங்கள்

நம் ஊர்களில் பறவை பார்ப்பவர்களின் ஆண்டு ஐப்பசியில் தொடங்கி மாசியோடு முடிந்துவிடுகிறது. வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்திறங்கும் மாதங்கள் அவை. குளம் நிறைந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், விடுமுறை நாள்களும் வாய்க்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடந்துவருகிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தைப் பிறப்பை ஒட்டி வரும். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கியதும் இருநோக்கிகள் உறைக்குள் போய்விடுகின்றன. நம் மண்ணிலேயே ஆண்டு முழுவதும் இருக்கும் பறவைகளில் பெரும்பாலானவை ஜோடி சேர்ந்து, கூடு கட்டி, குஞ்சு வளர்ப்பது அந்தப் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான். விருந்தாளிகள் வரும்போது வாசலில் நின்று எண்ணுகிறோம். வீட்டுக்காரர்கள் பிள்ளை பெற்று வளர்க்கும்போது எட்டிப் பார்ப்பதில்லை.

எல்லாப் பறவைக்கும் கோடைதான் காலம் என்று சொல்லவில்லை. வேடந்தாங்கலில் நாரைகளும் கொக்குகளும் வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கூடு கட்டுகின்றன. தூக்கணாங்குருவி மழையைப் பார்த்துத்தான் நார் கிழிக்கும். ஆனால் மைனா, கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை, ஆக்காட்டி, தவிட்டுக்குருவி, காகம், அதை ஏமாற்றும் குயில் என்று நாம் தினமும் பார்க்கிற கூட்டத்துக்குக் கோடையின் முதல் பாதி தலையாய காலம்.

எண்ணுவதற்கும் அதுவே சரியான பருவம். ஜனவரியில் ஒரு குளத்தில் ஆயிரம் வாத்துகள் இருந்தால், அந்த எண்ணில் சைபீரியாவின் கோடையும், வழியிலிருக்கும் ஏரிகளின் நிலையும், பக்கத்துக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதும் கலந்திருக்கும். சித்திரையில் தரிசில் முட்டை வைத்திருக்கும் ஆக்காட்டி அந்தத் தரிசைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். முட்டையை விட்டு அது வெகுதூரம் போகாது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் ஆக்காட்டி இல்லையென்றால், காரணத்தை அந்த இடத்திலேயே தேடலாம்.

அமெரிக்காவில் இதை 1966-லேயே செய்யத் தொடங்கினார்கள். பூச்சிமருந்துகள் பறவைகளைக் கொல்கின்றன என்ற அச்சம் எழுந்திருந்த காலம் அது. சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் வகுத்த முறைப்படி, கோடைத் தொடக்கத்தில், விடியுமுன் கிளம்பி, ஒரே சாலையில் 50 இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் 3 நிமிடம் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுத வேண்டும். அடுத்த ஆண்டும் அதே சாலை, அதே 50 இடங்கள். பிரிட்டனில் 1994 முதல் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் இரண்டு முறை காலையில் நடந்து எண்ணிவருகிறார்கள். இவற்றில் பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரே இடத்துக்கு, ஒரே பருவத்தில், ஆண்டு தவறாமல் போவதுதான் முழு விஷயமும். நமக்கு அப்படி நாடு தழுவிய ஒரு கோடைக் கணக்கெடுப்பு இன்னும் வேரூன்றவில்லை. மே மாதத்தில் நம் பகுதிக்கே உரிய பறவைகளுக்காக ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்கிறோம். நல்ல முயற்சி; ஆனால் ஒரு நாள்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இந்தியப் பறவையியலுக்கு நடுநாயகமாக இருந்தவை கூடும் முட்டையும்தான். பிற்பாடு காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1873-இல் இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். அவருக்கு நாடெங்கிலுமிருந்து கடிதம் எழுதியவர்கள் பலர். வன அதிகாரிகள், ராணுவத்தார், தோட்டக்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. கோத்தகிரியிலிருந்து எழுதியவர் மார்கரெட் காக்பர்ன். 1829-இல் சேலத்தில் பிறந்து, நீலகிரியிலேயே வாழ்நாளைக் கழித்து, 1928-இல் மறைந்தவர். நீலகிரிப் பறவைகளை ஓவியமாகவும் தீட்டி வைத்தவர். எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்தச் செடியில் கூடு கட்டியது, உள்ளே மெத்தைக்கு என்ன வைத்திருந்தது, எத்தனை முட்டை இட்டது என்றெல்லாம் அவரைப் போன்றவர்கள் எழுதிய குறிப்புகளைப் படிக்கும்போது, அந்தப் பொறுமை வியப்பாக இருக்கிறது. வேலியோரத்துச் செடியில் ஒரு சின்னக் கூட்டைப் பார்த்துவிட்டு, அது எந்தப் புல்லால் ஆனது என்று பிரித்துச் சொல்ல இன்று நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஆனால் அன்றைய முறை கொடியது. முட்டையை எடுப்பார்கள். பக்கவாட்டில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றுவார்கள். ஓட்டை அளந்து, சீட்டு எழுதி, பஞ்சு விரித்த பெட்டியில் அடுக்குவார்கள். எந்தப் பறவையின் முட்டை என்று சந்தேகம் வந்தால் தாய்ப்பறவையைச் சுட்டு வீழ்த்தி உறுதிசெய்வார்கள். கையில் கிடைத்தால்தான் சான்று என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. 1885-இல் ஹியூமின் சேகரிப்பு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் பல்லாயிரம் பறவைத் தோல்களும் ஆயிரக்கணக்கான முட்டைகளும் இருந்தன. அதற்குச் சற்று முன்புதான் அவருடைய வாழ்நாள் குறிப்புகள் அடங்கிய கையெழுத்துப் பிரதிகளை வேலையாள் ஒருவர் சிம்லா கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டார். பறவையியலையே அவர் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். முட்டைகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. எழுத்து பொட்டலக் காகிதமாயிற்று.

அந்த முட்டைப் பெட்டிகளை வெறும் பாவக்கணக்காக என்னால் தள்ளிவிட முடியவில்லை. 1967-இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பிரிட்டனின் பைரி வல்லூறு முட்டைகளை ஆராய்ந்தபோது, டி.டி.டி. பூச்சிமருந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகு ஓடுகள் மெலிந்துபோனதைக் கண்டுபிடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குக் கிடைத்தவை பழைய சேகரிப்பாளர்களின் முட்டைகள். அவை இல்லாதிருந்தால், அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியதற்கு என்ன காரணம் என்று நிறுவ இன்னும் எத்தனை ஆண்டுகள் பிடித்திருக்குமோ.

எடுப்பதிலிருந்து பார்ப்பதற்கு நம் நாட்டில் நேர்ந்த திருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1930-இல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் சாலிம் அலி தூக்கணாங்குருவிகளைக் கவனித்ததைச் சொல்வேன். வேலை போய்விட்ட நிலையில் அங்கே தங்கியிருந்தவர், வீட்டுக்கு அருகே இருந்த குருவிக் குடியிருப்பை நாள் தவறாமல் பார்த்து எழுதினார். ஆண் பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துகிறது; பெண் வந்து உள்ளே போய்ப் பார்த்து, பிடித்தால்தான் குடியேறுகிறது; அதன்பிறகே ஆண் மீதியைக் கட்டுகிறது; அது முடிந்ததும் இன்னொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது. நூறு முட்டைகளை ஊதிப் பெட்டியில் வைத்தாலும் இது தெரிந்திருக்காது. உட்கார்ந்து பார்த்ததால் தெரிந்தது.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த மாற்றத்தைச் சட்டமாக்கியது. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே கொண்டுவரப்பட்டன. முட்டை சேகரிக்கும் காலம் அதோடு முடிந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் நின்றுபோனது. கூடுகளைப் பற்றிய புதுத் தகவல் வருவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்டூவர்ட் பேக்கர் 1932 முதல் 1935 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட கூடு நூல், அதற்கு முந்தைய ஹியூம், பிறகு சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதிகள் என்று ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்த வரிகள்தாம், இன்று நம் கையேடுகளில் ‘இனப்பெருக்கக் காலம்’ என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் இருப்பவை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மழை மாறியிருக்கிறது, பயிர் மாறியிருக்கிறது, வெயில் மாறியிருக்கிறது. அந்த வரிகள் மட்டும் மாறவில்லை.

எங்கள் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் எழுதி வைக்காத ஒரு கணக்கெடுப்பு நெடுங்காலம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர்கள் பனையேறிகள். பதநீர்ப் பருவமும் பறவைகளின் கூடு பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். தை, மாசியில் பாளை விடத் தொடங்கினால் ஆனி வரை காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். இடுப்பில் அருவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி, மேலே கலயம். ஒரே மரங்களுக்கு, ஒரே வேளையில், மாதக்கணக்கில். அமெரிக்கர்கள் 1966-இல் வகுத்த முறையை இவர்கள் பிழைப்புக்காகச் செய்துகொண்டிருந்தார்கள், அதுவும் மரத்தின் உச்சியிலிருந்து.

எந்த மொட்டைப்பனையில் பனங்காடை இருக்கிறது, எதில் கிளி, எதில் மைனா என்பது அவர்களுக்கு அத்துப்படி. பனை உழவாரனின் கூட்டை முதன்முதலாக எனக்குக் காட்டியவரும் ஒரு பனையேறிதான். ஓலை கழிக்கும்போது கீழே விழுந்த காவோலை ஒன்றைத் திருப்பிக் காட்டினார். ஓலை மடிப்பின் உட்புறத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு சிறு கிண்ணம். சிறகுப் பஞ்சையும் மெல்லிய நாரையும் எச்சிலால் ஒட்டிச் செய்தது. உள்ளே காலியாக இருந்தது. முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டி வைக்கும். காற்றில் ஓலை எப்படி ஆடினாலும் விழாது. தொட்டுப் பார்த்தால் உலர்ந்த பசை போல விறைப்பாக இருந்தது.

“குஞ்சு இருந்தா அந்த ஓலையக் கழிக்க மாட்டோம், தம்பி,” என்றார்.

“எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“மரத்துல கால் வச்சதுமே தாய்க்குருவி சுத்தும்லா. சத்தம் மாறும். அப்பமே தெரிஞ்சுபோகும்.”

இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் ஏறவில்லை. பனையேறும் தொழிலுக்குப் பிள்ளைகள் வரவில்லை. மரங்களும் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. பனை நம் மாநில மரம். 2021-இல் மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று தமிழக அரசு அறிவித்தது. அது வருவதற்குள் லாரி லாரியாகப் போயிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் அன்று கூடு தெரியும். கோடை விடுமுறையும் கூடு காலமும் ஒன்றாக வந்ததால் ஊரில் அவர்கள் கண்ணுக்குத் தப்பிய கூடு கிடையாது. உண்டிவில்லும் கையுமாக அலைந்தார்கள், கிளிக்குஞ்சுக்காக மரம் ஏறினார்கள், மைனாக் குஞ்சைக் கூண்டில் வளர்த்தார்கள். அதில் செத்த குஞ்சுகள்தாம் அதிகம். அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனாலும் அந்தப் பையன்களுக்குக் கிணற்றைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தது. கமலை ஓடிய பழைய கிணறுகளில் மேலே கல் கட்டு இருக்கும், கீழே வெறும் மண் சுவர். கல் இடுக்கில் மைனாவும் புள்ளி ஆந்தையும் இருக்கும். மண் பகுதியில் வெண்மார்பு மீன்கொத்தி வளை தோண்டியிருக்கும். வளை வாயிலின் கீழே வெள்ளையாக எச்சக் கோடு வழிந்திருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று பொருள். குளிக்கக் குதிக்கும்போது மீன்கொத்தி கிறீச்சிட்டுக்கொண்டு வெளியேறும். இன்று அந்தக் கிணறுகள் தூர்ந்துவிட்டன, அல்லது குப்பை கொட்டும் குழிகளாகிவிட்டன. ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயில் எந்தப் பறவையும் வளை தோண்ட முடியாது. ஒரு வட்டாரத்தில் மீன்கொத்தி குறைந்தால் மீனை மட்டும் தேடுகிறோம். அதற்குச் செங்குத்தான மண் சுவர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

கோடையில் குஞ்சு வளர்வதைத் தெருவில் நின்றே பார்க்க வேண்டுமானால் கூந்தன்குளத்துக்குப் போக வேண்டும். மூன்றடைப்புக்குக் கிழக்கே உள்ள சின்ன ஊர். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல், வீட்டு முற்றத்து வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கூடு கட்டும். நெல்லைச் சீமையில் கூழைக்கடா கூடு கட்டுவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறது. அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே ஊர் அறிவித்துவிட்டது. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பது கண்கூடு. இரண்டும் சேர்ந்துதான் காத்தன. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிப்பு வந்தபோது ஊர்க்காரர்களுக்கு அது புதுச் செய்தியாகத் தெரிந்திருக்காது.

சித்திரையில் அங்கே போய் நின்றால் முதலில் காதுதான் நிறையும். கூழைக்கடாக் குஞ்சுகளின் கரகரப்பு, நாரைகள் அலகைத் தட்டும் ஓசை. பிறகு மீன் நாற்றம். காற்றடித்தால் குஞ்சுகள் கிளையிலிருந்து விழும். தாய் கீழே இறங்கி ஊட்டாது. விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி, பறக்கும்வரை வளர்த்து விடுவதை அந்த ஊரைச் சேர்ந்த பால்பாண்டி பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தார். பறவைகளைப் பற்றி அவர் சொன்னவை ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் பயன்பட்டன. இந்த ஊரின் கவலை தண்ணீர்தான். மணிமுத்தாறு அணையிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரை நம்பிய குளம் இது. குஞ்சு பாதி வளர்ந்த நிலையில் குளம் வற்றினால் மீன் இல்லை. அன்றைக்கு எத்தனை கூடு இருந்தது என்பதைவிட, அவற்றில் எத்தனை குஞ்சுகள் பறந்து போயின என்பதைத்தான் கேட்க வேண்டும். ஜனவரியில் எண்ணினால் இதற்கு விடை கிடைக்காது. வைகாசி முடியும்வரை அங்கேயே இருப்பவர்தான் சொல்ல முடியும்.

இப்போது எங்கள் பக்கத்தில் கோடையிலும் நடப்பவர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவிகள்தாம் அதிகம். அன்று கூடு தேடியவர்கள் எல்லாம் பையன்கள் என்பதை நினைக்கும்போது இந்த மாற்றம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. விடிவதற்குமுன் குளத்துக் கரையில் கூடிவிடுவார்கள். ஒரே பாதை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியல், எல்லாம் கைப்பேசியில் இருக்கும் இ-பேர்ட் செயலியில் ஏறும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் உண்டு. அதை நம்பியே எழுதக் கூடாது, பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கண்டிப்பு இருக்கிறது.

முக்கியமான வேலை பட்டியலுக்குப் பிறகுதான் வருகிறது. ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று குறிக்க ஒரு வசதி அந்தச் செயலியில் உண்டு. பாடியது, ஜோடியாக இருந்தது, கூட்டுக்குப் பொருள் கொண்டுபோனது, அலகில் இரையோடு போனது, குஞ்சுக்கு ஊட்டியது என்று படிப்படியாக உறுதி கூடிக்கொண்டே போகும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பெண்கள் அதை நிரப்புகிறார்கள். முட்டையைக் கையில் எடுத்தால்தான் சான்று என்றிருந்த இடத்தில், இன்று பறவையின் நடத்தையே சான்று. கூட்டைப் பார்க்கவே வேண்டாம்.

ஒரு காலையில் மின்கம்பத்தின் ஓட்டையிலிருந்து மைனா ஒன்று வெளியே வந்தது. அலகில் வெள்ளையாக ஏதோ இருந்தது. முதலில் முட்டை ஓடோ என்று தோன்றும். மைனா நேராகப் பறந்து, கூட்டிலிருந்து நல்ல தூரம் போய், அதைப் போட்டுவிட்டு வந்தது. குஞ்சின் எச்சம் அது. மெல்லிய சவ்வுப்பை ஒன்றுக்குள் கட்டுண்டு வரும். கூட்டைச் சுத்தமாக வைக்கவும், நாற்றத்தாலும் வெள்ளைக் கறையாலும் பகைவருக்குத் தடயம் கிடைக்காமல் இருக்கவும் தாயும் தகப்பனும் அதை அப்புறப்படுத்துகின்றன. “அக்கா, இதுக்கு ஒரு குறியீடு இருக்கு,” என்று ஒருத்தி சொல்ல, மற்றொருத்தி ஏற்கெனவே பதிந்து முடித்திருந்தாள். ஓட்டைக்குள் எட்டிப் பார்க்காமலேயே உள்ளே உயிரோடு குஞ்சு இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

ஆக்காட்டி இன்னும் கடினம். அதன் முட்டைகள் நான்கும் தரிசில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். கூடு என்று சொல்ல ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கல். நாம் நெருங்கினால் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும். அந்தக் கத்தலைக் கேட்டதும் நின்று, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். நண்பகலில் தொலைவிலிருந்து இருநோக்கியில் பார்த்தால் இன்னொன்று தெரியும். பறவை குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்கிறது. சித்திரை வெயிலில் அது அடைகாப்பதே முட்டை வெந்துவிடாமல் இருக்கத்தான். அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் போய்ப் பறவையை எழுப்பி விரட்டினால், சில நிமிடங்களிலேயே முட்டை கெட்டுவிடக்கூடும். அதோடு, மனிதர் எங்கே குனிந்து பார்க்கிறார் என்பதைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும்.

இதனால்தான் கூட்டுப் படங்களைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. பழைய தட்டுக் கேமரா காலத்தில் பறவைப் படமென்றாலே கூட்டுப் படம். பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவது கூட்டுக்குத்தான் என்பதால் வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று நூறடி தூரத்திலிருந்து இறகின் நரம்பைப் பிடிக்கும் வில்லை கையில் இருக்கிறது. இருந்தும் குஞ்சு வாய் பிளக்கும் காட்சிக்காக மறைவாக நிற்கும் கிளையை ஒடித்து ஒதுக்குகிறார்கள். அந்தக் கிளைதான் குஞ்சுக்கு நிழல், அதுதான் மறைப்பு. படம் எடுத்தவர் போன பிறகு வல்லூறோ காகமோ பாம்போ வருகிறது. பல போட்டிகள் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. ஆனால் போட்டியில்லாத இடத்தில், கைப்பேசியில், ஊர்ப் பெயரோடு அவை சுற்றுகின்றன. கூடு இருக்கும் இடத்தைக் குழுவிலும் பகிர்வதில்லை என்று மாணவிகள் தங்களுக்குள் விதி வைத்திருக்கிறார்கள். கோடைப் பறவை பார்ப்பதற்கு இதைவிட முக்கியமான விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஊர் ஊராகச் சேர்ந்த பதிவுகள் வீண்போவதில்லை. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அனுப்பிய மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு மயில் பெருகியதை அறிக்கை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னை உலுக்கியது பனங்காடையின் கதி. 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துவிட்ட, உலகச் செம்பட்டியலில் மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டிய 14 பறவைகளில் ஒன்றாக அதையும் அறிக்கை சேர்த்திருக்கிறது. மின்கம்பியில் மண்ணிறமாக உட்கார்ந்திருந்து, பறந்த நொடியில் நீலமாய் விரியும் அந்தப் பறவையை அரிதான ஒன்றாக நான் நினைத்ததே இல்லை.

அறிக்கை எண்ணைத்தான் தர முடியும். காரணத்தை வயலில்தான் தேட வேண்டும். பூச்சிமருந்தால் வெட்டுக்கிளியும் வண்டும் குறைந்ததா, மேய்ச்சல் தரை வீட்டு மனையானதா, கூட்டுக்குப் பொந்து இல்லாமல் போனதா? குளிர்காலத்தில் இதற்கு விடை தேட முடியாது, ஏனென்றால் அப்போது இடம்பெயர்ந்து வரும் பனங்காடைகளும் உள்ளூர்ப் பறவைகளோடு கலந்துவிடும். சித்திரையில், வானில் புரண்டு புரண்டு விழுந்து ஆண் காட்டும் கரணத்தைப் பார்த்து, எந்த மரத்துக்கு அது திரும்புகிறது என்று குறித்தால்தான் நம் ஊரில் குடியிருப்பது எத்தனை ஜோடி என்று சொல்ல முடியும்.

எங்கள் வட்டாரத்தில் அது திரும்புவது பெரும்பாலும் தலை முறிந்த மொட்டைப்பனைக்கு. இடி விழுந்தோ பட்டுப்போயோ கொண்டை உதிர்ந்து, உச்சியில் குழி விழுந்து நிற்கும் மரம். பனை வெட்டத் தடை என்றதும் எல்லாரும் உயிருள்ள மரத்தைத்தான் நினைக்கிறோம். பட்ட மரத்தை ‘இது எதற்கு நிற்கிறது’ என்று முதலில் சாய்த்துவிடுகிறார்கள்; கேட்பாரும் இல்லை. பனை விதை ஊன்றும் இயக்கங்கள் ஊர்தோறும் நடக்கின்றன, நல்லதுதான். ஆனால் ஊன்றிய விதை வளர்ந்து, முதிர்ந்து, பட்டுப்போய்ப் பனங்காடைக்கு இடமாவதற்கு நூறாண்டுக்குக் குறையாது. அதுவரை பனங்காடைக்கு இப்போது நிற்கிற மொட்டைகள் மட்டுமே.

அதனால் வரும் பங்குனியில் பறவைகளோடு மொட்டைப்பனைகளையும் எண்ணுவதென்று மாணவிகள் முடிவு செய்திருக்கிறார்கள். குளத்துக் கரையிலிருந்து செம்மணல் தேரி வரையுள்ள பாதையை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டாயிற்று. ஒவ்வொரு மொட்டையும் எந்தக் காட்டில் நிற்கிறது, யாருக்குச் சொந்தம், சென்ற கோடையில் எது அதில் குடியிருந்தது என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பனையேறிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் வீடுகளுக்குத்தான் போகப்போகிறோம்.